டெர்மாய்ட் கட்டிக்கு லேப்ராஸ்கோப்பி: இன்னும் 12 நாள் இருக்கிறது, என்னென்ன தயார் பண்ண வேண்டும்?

ஆம்பூர் தையல்

எல்லாருக்கும் வணக்கம். வயசு 29. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற லைனில் இருக்கிறேன். நாலு வயசில் ஒரு பையன். ஆறு மாசமாக இடது அடிவயிற்றில் ஒரு இழுப்பு. மிஷின் முன்னால் உட்கார்ந்தே கிடப்பதால் வருகிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். போன மாசம் ஸ்கேன் எடுத்தால் இடது சினைப்பையில் 7 சென்டிமீட்டர் கட்டி, டெர்மாய்ட் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்குள் கொழுப்பு, முடி, சில பேருக்குப் பல்கூட இருக்குமாம். அதைக் கேட்டதிலிருந்து சீப்பில் சிக்கும் முடியைப் பார்த்தாலே ஒரு மாதிரி இருக்கிறது.

வயிற்றில் சின்ன ஓட்டை போட்டுக் கேமரா விட்டு எடுப்பார்களாம், அதுதான் லேப்ராஸ்கோப்பி. காட்பாடிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்துவிட்டார்கள். டாக்டர் அம்மா பொறுமையாகத்தான் பேசினார். ஆனால் வெளியே முப்பது பேர் நிற்கும்போது, நான் கேட்க நினைத்ததில் பாதி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

எத்தனை நாள் லீவு சொல்வது? வீட்டில் என்ன மாற்றி வைக்க வேண்டும்? அத்தை, "சின்ன ஓட்டைதானே, மூணாம் நாள் எழுந்து வேலை பாக்கலாம்" என்கிறார். அப்புறம், சிரிக்காதீங்க, மூக்குத்தி. 13 வருஷமாகக் கழற்றியதே இல்லை, திருகு இறுகிப்போயிருக்கிறது. எனக்கு ஆபரேஷனைவிட அதுதான் பயமாக இருக்கிறது.

குடியாத்தம் அக்கா

தங்கச்சி, வெளியே தெரிகிற மூணு நாலு புள்ளியைப் பார்த்துத்தான் உன் அத்தை பேசுகிறார். என் மாமியாரும் அதையே சொன்னார். 2022இல் எனக்கு வலது சினைப்பையில் சாக்லேட் கட்டி, அதாவது பழைய ரத்தம் தேங்கின கட்டி, எடுத்தார்கள். தொப்புளில் ஒன்று, கீழ்வயிற்றில் மூன்று, ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டருக்குள்தான். ஆனால் உள்ளே நடந்தது முழு ஆபரேஷன். முழு மயக்கம், தொண்டையில் குழாய், வயிற்றுக்குள் காற்றடித்து உப்ப வைத்து, அப்புறம் கட்டியைச் சினைப்பையிலிருந்து பக்குவமாக உரித்து எடுக்கிறார்கள். தோல் ஆறுவது வேறு, உள்ளே ஆறுவது வேறு. வீட்டு ஆட்களுக்கு இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

எனக்கு யாரும் சொல்லாத ஒன்று: பாவாடை நாடா. நாடா எங்கே இறுக்குமோ, அதற்குப் பக்கத்திலேயேதான் கீழே போடும் ஓட்டை. புடவை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வரலாம் என்று போயிருந்தேன், வார்டிலேயே அழுதுவிட்டேன். தளர்வான நைட்டி மூணு நாலு எடுத்துவை. அதுவும் முன்பக்கம் திறக்கிற மாதிரி இருந்தால் டாக்டர் பார்க்கும்போது வசதி.

கீழே பாய் போட்டுப் படுக்கிற பழக்கம் இருந்தால் கட்டிலுக்கு மாறிவிடு. எழும்போது நேராக எழாதே. ஒருக்களித்துப் படுத்து, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழு. இதை இப்போதே நாலு தடவை பழகிக்கொள். வீட்டில் குத்துக்கால் போட்டு உட்காருகிற கக்கூஸ் மட்டும்தான் என்றால், நடுவில் ஓட்டை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி விற்கிறது, அதை வாங்கு. முதல் வாரம் குத்துக்கால் போட முடியாது.

ஒரு சின்னத் தலையணையைப் பையில் போட்டுக்கொள். இருமல், தும்மல், சிரிப்பு எது வந்தாலும் வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். வண்டியில் திரும்பி வரும்போது ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் அது தேவைப்படும். காட்பாடியிலிருந்து குடியாத்தம் வரைக்கும் எத்தனை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எண்ணினேன்.

அணைக்கட்டு மூலிகை

எதற்கெடுத்தாலும் கத்தி. என் நாத்தனாருக்கு 4 சென்டிமீட்டர் நீர்க்கட்டி. கழற்சிக்காய்ப் பருப்பும் மிளகும் இடித்து ஒரு மண்டலம் கொடுத்தோம். அடுத்த ஸ்கேனில் கட்டி இருந்த இடமே தெரியவில்லை. மூணு மாசம் பொறுத்துப் பாருங்க சகோதரி. ஆபரேஷன் எங்கேயும் ஓடிவிடாது.

தியேட்டர் சிஸ்டர்

நான் வேலூரில் ஆபரேஷன் தியேட்டரில் 19 வருஷமாக ஸ்டாஃப் நர்ஸ். ஐயா, உங்கள் நாத்தனாருக்குக் கரைந்தது உண்மையாகவே இருக்கும். ஆனால் அவருக்கு எந்தக் கட்டி என்று கேட்டீர்களா? மாசாமாசம் முட்டை வளரும்போது தண்ணி கோத்துக்கொண்டு வருகிற சாதாரணக் கட்டி, மருந்தே இல்லாமல் இரண்டு மூணு தீட்டுக்குள் தானாகவே வற்றிவிடும். அதனால்தான் டாக்டர்களே அந்தக் கட்டிக்குப் பொறுத்துப் பார்த்து மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். அந்த மூணு மாசத்தில் யார் எதைக் கொடுத்தாலும் பேர் அவர்களுக்குப் போய்விடும்.

நம் ஊரில் எல்லாவற்றையும் நீர்க்கட்டி என்றே சொல்கிறோம், அதில்தான் இந்தக் குழப்பமே. பிசிஓடி என்று சொல்கிறார்களே, அது சினைப்பை ஓரத்தில் பொடிப்பொடியாக நிற்கும் முட்டைப் பைகள். ஹார்மோன் சமாச்சாரம், அறுத்து எடுக்கிற கட்டி இல்லை. சாக்லேட் கட்டியில் இருப்பது பழைய ரத்தம். டெர்மாய்டில் இருப்பது தோலும் முடியும் எண்ணெய்ப் பசையும். தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைகிற மாதிரி, வெளியே எடுத்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் கட்டியாகிவிடும். அதைக் கஷாயம் கரைக்காது.

தங்கச்சி, இதுவரைக்கும் நாட்டு மருந்து எதுவும் சாப்பிட்டிருந்தால் மயக்க டாக்டரிடம் மறைக்காதே. ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக்கும் மாத்திரை, சுகர், பிரஷர், தைராய்டு மாத்திரை எல்லாவற்றையும் சீட்டோடு கொண்டுபோய்க் காட்டு. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று அவர் சொல்வார்.

வாணியம்பாடி பாஜி

கழற்சிக்காய்க் கதையில் நானும் ஒருத்தி. எனக்கும் டெர்மாய்டுதான், 8 சென்டிமீட்டர். நாலு மாசம் கஷாயம் குடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு வயிற்றில் யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி வலி, கூடவே வாந்தி வாந்தியாக. கட்டியின் கனத்தில் சினைப்பை அப்படியே முறுக்கிக்கொண்டுவிட்டது, ரத்த ஓட்டம் நின்றுவிட்டது. அஜீரணம் என்று விடியும்வரை சீரகத் தண்ணி குடித்துப் படுத்திருந்தேன். போய்ச் சேர்ந்தபோது கறுத்துப்போயிருந்தது. அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டார்கள்.

மிச்சம் இருந்த ஒரு சினைப்பையை வைத்தே அடுத்த வருஷம் மகள் பிறந்தாள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இழக்க வேண்டியது இல்லாததை இழந்தேன். தேதி வருவதற்குள் அந்த மாதிரி வலியும் வாந்தியும் வந்தால் ஒரு நிமிஷம் காத்திருக்காதே மா.

அணைக்கட்டு மூலிகை

சரி, டெர்மாய்ட் எனக்குத் தெரியாது. சாதாரணக் கட்டிக்குச் சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன்.

தியேட்டர் சிஸ்டர்

வேண்டாம் ஐயா, வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி, ஆபரேஷனுக்கு முன்னால் நடப்பதைச் சொல்கிறேன். ரத்தம், சுகர், ரத்த வகை, இசிஜி, தேவைப்பட்டால் மார்பு எக்ஸ்ரே எடுத்து மயக்க டாக்டர் பார்ப்பார். சிஏ 125 என்று ஒரு ரத்தப் பரிசோதனை எழுதலாம். அது கொஞ்சம் கூட இருந்தால் உடனே கேன்சர் என்று கூகுளில் தேடிப் பதறாதே. சாக்லேட் கட்டிக்கும் கூடும், தீட்டு நேரத்திலும் கூடும்.

தொப்புள். வெயிலூர் என்று பேர் எடுத்த ஊர் இது, சூடு தணிய ராத்திரி தொப்புளில் விளக்கெண்ணெய் வைக்காத வீடு குறைவு. கேமரா போகிற வாசலே தொப்புள்தான். பிசுக்கு உள்ளே அப்பிக்கொண்டு வருகிற பெண்களுக்கு பஞ்சு பஞ்சாக எடுத்துச் சுத்தம் பண்ணி எங்களுக்குக் கை வலிக்கும். இன்றைக்கே எண்ணெயை நிறுத்து. முந்தின ராத்திரியும் காலையிலும் சோப்புப் போட்டுக் குளி. தொப்புளுக்குள் விரலால் மெதுவாகத் தேய்த்துக் கழுவு. முடியை வீட்டில் பிளேடால் மழிக்காதே. கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாகச் சீழ் பிடிக்கும். தேவையானால் நாங்களே கிளிப்பர் போட்டு எடுப்போம்.

நெயில் பாலிஷும் மருதாணியும் வேண்டாம். விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் மிஷின் தப்பாகக் காட்டலாம். மூக்குத்தி, மெட்டி, வளையல் எல்லாம் கழற்ற வேண்டும். உள்ளே கரண்டால் ரத்தக்குழாயைச் சுட்டு அடைப்பார்கள், உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடம் வெந்துபோக வாய்ப்பு இருக்கிறது. தாலிக்கு அழாத ஆள் இல்லை. தங்கத்தை வீட்டில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு கட்டிக்கொண்டு வருவார்கள், எங்கள் தியேட்டரில் அதற்கு யாரும் தடை சொன்னதில்லை. மூக்குத்திக்கு ஆஸ்பத்திரியில் வந்து போராடாதே. ஒரு வாரம் முன்னாலேயே பத்தர் கடைக்குப் போ.

சாப்பாடு ஆறு மணி நேரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும், வெறும் தண்ணி இரண்டு மணி நேரத்துக்கு முன்னால். உனக்கு என்ன நேரம் சொல்கிறார்களோ அதுவே கணக்கு. பால் சேர்ந்த டீ தண்ணிக் கணக்கில் வராது, சாப்பாட்டுக் கணக்கு. போன வருஷம் ஒரு பெண்ணுக்கு, பிள்ளை வெறும் வயிற்றில் போகுதே என்று மாமியார் பாசமாகக் காலை அஞ்சரைக்குக் காபி கொடுத்துவிட்டார். மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அன்றைய ஆபரேஷன் தள்ளிப்போனது.

கையெழுத்து வாங்கும் தாளைப் படி. தேவைப்பட்டால் வயிற்றைத் திறக்கலாம், சினைப்பையைக் காப்பாற்ற முடியாவிட்டால் எடுக்கலாம் என்று இருக்கும். பயமுறுத்த இல்லை, உள்ளே போய்த்தான் சில விஷயம் தெரியும். எந்த நிலைமையில் எடுப்பீர்கள் என்று டாக்டரிடம் இப்போதே கேட்டுவிடு, மயக்கத்துக்கு அப்புறம் கேட்க முடியாது.

காட்பாடி ஜங்ஷன்

ஆண்கள் இங்கே எழுதலாமா தெரியவில்லை. என் மனைவிக்கும் அடுத்த மாசம் இதே ஆபரேஷன். நான் என்ன செய்ய வேண்டும்?

குடியாத்தம் அக்கா

தாராளமாக எழுதுங்க தம்பி. குடம், சிலிண்டர், கிரைண்டர் கல், துணி வாளி, குழந்தை. இந்த அஞ்சையும் ஒரு மாசத்துக்கு நீங்க தூக்குங்க. மீதியை அவங்க பாத்துப்பாங்க.

ராணிப்பேட்டை மழை

எனக்கு 22 வயசு, கல்யாணம் ஆகவில்லை. 5 சென்டிமீட்டர் கட்டி. அம்மா யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்கிறார். "கல்யாணத்துக்கு முன்னாடி கர்ப்பப்பை ஆபரேஷன்னு ஊரு பேசும்" என்று அழுகிறார். ஸ்கேன் எப்படி எடுப்பார்கள் என்று நினைத்தாலே எனக்கு உதறுகிறது.

தியேட்டர் சிஸ்டர்

கண்ணு, கல்யாணம் ஆகவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடு. தண்ணி குடித்து மூத்திரப்பை நிரம்பினதும் வயிற்றின் மேலேயே ஸ்கேன் பார்ப்பார்கள். ஆபரேஷனும் வயிற்று வழியாகத்தான். கர்ப்பப்பையைத் தொடுவதே இல்லை, இதை அம்மாவுக்கு இரண்டு தடவை சொல். ஊருக்குச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். ஆனால் அதற்குப் பயந்து ஆபரேஷனைத் தள்ளாதீர்கள்.

ஆம்பூர் தையல்

மூக்குத்தி போய்விட்டது! பத்தர் முக்கால் மணி நேரம் தேங்காய் எண்ணெய் விட்டு விட்டுத் திருகினார். கண்ணில் தண்ணி தாரை தாரையாகக் கொட்டுகிறது. கடைசியில் சின்னக் கட்டர் எடுத்துத் தண்டை வெட்டித்தான் எடுத்தார். உள்பக்கம் 13 வருஷத்து அழுக்கு, கடுகு சைஸுக்கு. துவாரம் மூடாமல் இருக்க ஆயா வேப்ப ஈர்க்கு சொருகிவிட்டிருக்கிறாள், அன்றைக்குக் காலையில் அதையும் எடுத்துவிடுவேன். கம்பெனியில் லீவுக்கும் சொல்லிவிட்டேன்.

குடியாத்தம் அக்கா

சம்பளத்தில் ஈஎஸ்ஐ, அதான் தொழிலாளர் காப்பீடு, பிடிக்கிறார்களா? டிஸ்சார்ஜ் சீட்டோடு ஈஎஸ்ஐ டாக்டரிடம் மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கிவிடு. அதற்குரிய ஆறு மாசக் கணக்கில் 78 நாளாவது பிடித்தம் போயிருந்தால், லீவு நாளுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வரும். வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் உண்டு. நம்ம பக்கம் ஷூ கம்பெனிப் பெண்கள் பாதிப் பேர் இது தெரியாமல் சம்பளம் போனால் போகட்டும் என்று இருந்துவிடுகிறார்கள், இல்லை பத்தாம் நாளே வேலைக்கு ஓடுகிறார்கள்.

ஆம்பூர் தையல்

முடிந்தது. இன்றைக்கு மூணாம் நாள், வீட்டில் இருக்கிறேன். படுத்துக்கொண்டே டைப் பண்ணுகிறேன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரை மணி நேரம் ஆனதாம். கண் விழித்தபோது தொண்டை கரகர, வாய் வறட்சி, குளிர் நடுக்கம். அன்று சாயங்காலமே கையைப் பிடித்து நடக்க வைத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் வங்காளத்திலிருந்து வந்த ஒரு அம்மா. அவர் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவருக்குப் புரியாது. ஆனால் நான் எழும்போது அவர் தன் கையை ஊன்றி ஊன்றிக் காட்டினார். அக்கா சொன்ன அதே முறை!

கட்டியைப் பைக்குள் போட்டு உடையாமல் எடுத்தார்களாம், உள்ளே சிந்தினால் எரிச்சல் வரும் என்று. சினைப்பையைக் காப்பாற்றிவிட்டார்கள். போட்டோ காட்டினார்கள், நிஜமாகவே முடி.

இப்போது பிரச்சினை வயிறு இல்லை. வலது தோள்பட்டை! ஜாக்கெட்டுக் கை இணைகிற இடத்தில் குத்துகிறது, மூச்சை இழுத்தால் இன்னும் கூடுகிறது. ராத்திரி ஹார்ட்டோ என்று பயந்துவிட்டேன். அத்தை கேஸ் என்று ஓம வாட்டர், கோலி சோடா, பூண்டுப் பால் எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டார். ஏப்பம் வருகிறது, வலி போகவில்லை.

தியேட்டர் சிஸ்டர்

உன் அத்தை சொன்னது கேஸ்தான், ஆனால் அவர் நினைக்கிற கேஸ் இல்லை. அவர் சொல்வது குடலுக்குள் இருக்கும் வாயு. இது நாங்கள் அடித்த கார்பன் டை ஆக்சைடு, குடலுக்கு வெளியே இருக்கிறது. முடிந்ததும் வெளியேற்றிவிடுவார்கள், மிச்சம் கொஞ்சம் தங்கும். எழுந்து உட்கார்ந்தால் மேலே ஏறி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத்தை உரசும். அதற்குப் போகிற நரம்பும் தோளுக்குப் போகிற நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து வருவதால் தோள் வலிக்கிற மாதிரி மூளைக்குத் தெரிகிறது. ஓம வாட்டர் அங்கே போகாது. உடம்பே உறிஞ்சி மூச்சில் வெளியே விட்டுவிடும், இரண்டு மூணு நாளில் அடங்கும். வீட்டுக்குள் நட, தோளில் சுடுதண்ணிப் பை வை, நடுநடுவே தலையணை இல்லாமல் மட்டமாகப் படு. வலி மாத்திரையை வலி ஏறும்வரை காத்திருக்காமல் சொன்ன நேரத்துக்குப் போடு. ஆனால் நெஞ்சு அடைக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே வா.

காய்ச்சல் 100.4 தாண்டினால், வலி நாளுக்கு நாள் குறையாமல் கூடினால், வயிறு உப்பிக்கொண்டு வாந்தி நிற்காவிட்டால், காயத்தில் சீழ் வந்தால், கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால், மூத்திரம் போகவில்லை என்றால் ராத்திரி பகல் பார்க்காமல் வர வேண்டும். லேசாகச் சொட்டுச் சொட்டாக உதிரம் படுவது சில நாள் இருக்கும், அது பரவாயில்லை. பேட் நனைகிற அளவுக்கு வந்தால் சொல்.

வாணியம்பாடி பாஜி

மலச்சிக்கல் பற்றி யாருமே பேச மாட்டார்கள். மயக்க மருந்தும் வலி மாத்திரையும் சேர்ந்து நாலு நாள் அடைத்துவிடும். முக்கக் கூடாது. தண்ணி, பப்பாளி, கீரை, தேவைப்பட்டால் டாக்டரிடம் கேட்டு மருந்து. நான் மூணு வாரம் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுதேன், குனிந்தால் தொப்புளில் இழுத்தது.

ஆம்பூர் தையல்

ஆறாம் நாள். தோள் வலி போயே போய்விட்டது. இப்போது பத்தியச் சண்டை. முட்டை சீழ் வைக்கும், தயிர் ஜலதோஷம், தேங்காய் ஆகாது, கத்தரிக்காய் கரப்பான். ரசம் சாதம் மட்டும்தான். எங்கள் வீட்டுக்காரர் சந்தையிலிருந்து இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் ஒரு கிலோ வாங்கிவந்து, என் எதிரிலேயே எல்லாரும் சாப்பிட்டார்கள்.

குடியாத்தம் அக்கா

2023இல் புவிசார் குறியீடு வாங்கின கத்தரிக்காயை உன் எதிரில் சாப்பிட்டார்களா, பாவிகள். தங்கச்சி, புண் ஆற முட்டை, பருப்பு, மீன் எல்லாம் வேண்டும். என் டாக்டர் மாமியாரை உள்ளே கூப்பிட்டு, "முட்டை குடுங்கம்மா, நான் சொன்னேன்னு சொல்லிக் குடுங்க" என்றார். மறுநாளிலிருந்து தினம் இரண்டு. நாம் சொன்னால் நடக்காது, அந்த நாற்காலியிலிருந்து வர வேண்டும்.

ஆம்பூர் தையல்

ஒன்பதாம் நாள். திட்டாதீங்க. உடம்பு நன்றாக இருந்தது. ராத்திரி பதினோரு மணிக்குக் குழாயில் தண்ணி வந்தது, அவர் லோடு எடுத்துப் போயிருக்கிறார், அத்தை தூங்குகிறார். ஒரே ஒரு குடம். இடுப்பில் வைத்ததும் தொப்புளில் சுருக்கென்றது. நைட்டியில் பத்து ரூபாய்க் காசு அளவுக்கு ரத்தம்.

தியேட்டர் சிஸ்டர்

காலையில் முதல் வேலையாகப் போய்க் காட்டு. அதற்குள் கூடினால் இப்போதே போ. தொப்புளில் பெரிய ஓட்டை போடுவதால் அங்கே தசை சரியாகக் கூடுவதற்குள் கனம் தூக்கினால் குடல் பிதுங்கி ஹெர்னியா ஆகலாம். அதனால்தான் ஒரு மாசத்துக்குக் குடம் கூடாது என்று கத்துகிறோம்.

ஆம்பூர் தையல்

போய்விட்டு வந்தேன். மேல் தோல் மட்டும் லேசாகப் பிரிந்திருக்கிறது, உள்தையல் சரியாக இருக்கிறதாம். கட்டு மாற்றினார்கள். அத்தை கூட வந்தார். டாக்டர் கம்ப்யூட்டரில் ஆபரேஷன் படத்தைத் திருப்பிக் காட்டி, "இவ்ளோ பெரிசு உள்ள உரிச்சிருக்கோம்மா" என்றதும் அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். பஸ்ஸில் திரும்பும்போது, "இன்னாடி, உள்ள இவ்ளோ அறுத்துகிறாங்க, சொல்ல மாட்டியா?" என்று என்னையே திட்டினார். சொன்னேன்தானே! இன்று மதியம் தட்டில் முட்டை இருந்தது. கத்தரிக்காய் இன்னும் இல்லை.

ராணிப்பேட்டை மழை

அக்கா, எடுத்த கட்டியைச் சோதிக்க அனுப்பின பயாப்ஸி ரிப்போர்ட் வந்துவிட்டதா? தினம் இங்கே வந்து பார்க்கிறேன்.

ஆம்பூர் தையல்

18ஆம் நாள். இன்றைக்குத்தான் வந்தது. முதிர்ந்த டெர்மாய்ட், புற்றுநோய் எதுவும் இல்லை. இன்னொரு பக்கமும் பின்னால் வரலாம் என்று வருஷத்துக்கு ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த திங்கள் முதல் வேலை. லைனில் உட்காரலாம், தோல் கட்டுத் தூக்கக் கூடாது என்று சீட்டில் எழுதி வாங்கிவிட்டேன். சூப்பர்வைசரிடம் வாயால் சொன்னால் மறந்துவிடுவார்.

மூக்கில் இன்னும் ஈர்க்குதான். பழையதை உருக்கிப் புதுசு செய்ய, சேதாரம் கூலி சேர்த்து பத்தர் சொன்ன தொகையைக் கேட்டு ஈர்க்கே அழகாக இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டேன்.

மழை, தேதி கொடுத்ததும் இங்கே எழுது. அதற்கு முன்னால் தொப்புளில் எண்ணெய் வைக்கிறாயா, அதைச் சொல்.

ராணிப்பேட்டை மழை

நேற்று வரைக்கும் வைத்தேன் அக்கா.